நமது தோட்டத்து மயானம்: அறிவோம், காப்போம்



போன மழைக்காலத்தில் நமது மயானத்துக்கு மேலே கான் வெட்டும் வேலை நடந்தது. ஓரத்தில் இருந்த மூன்று கல்லைத் தூக்கி ஒரு பக்கமாக வைக்கச் சொன்னது நாங்கள்தான். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, பென்சன் எடுத்த ஒரு பாட்டி அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, எங்கம்மா தலமாட்டுல இருந்த கல்லக் காணோமே. இனி நா எங்க வெளக்கு வைக்கிறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்த இதழின் பாடம்.

மயானம் எப்படி வந்தது?

1820-களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. நமது முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

1869-இல் கோப்பியில் இலைநோய் கண்டது. கோப்பி அழிய, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகத் தங்கின. தங்கினால் பிறப்பும் உண்டு, இறப்பும் உண்டு. அதற்காக ஒதுக்கிய துண்டு நிலம்தான் மயானம்.

லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் துரை 1892-இல் இறந்தார். கண்டி மஹியாவை மயானத்தில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அவரோடு காடு வெட்டி, கன்று நட்டவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

ஏன் காக்க வேண்டும்?

1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டவர்களிடம், "இத்தனை வருசம் இங்கே இருந்தாய் என்று காட்டு" என்றார்கள். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பல குடும்பங்கள் கப்பலேறின. ஆனால் புதைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். நாம் இந்த மண்ணில் எத்தனை தலைமுறை என்று கேட்டால், மயானம் பதில் சொல்லும். அதுவும் அழிந்தால் யார் சொல்வது?

என்ன செய்யலாம்?

1. எல்லை: தோட்ட வரைபடத்தில் மயானம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இல்லாவிட்டால், குறிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். எல்லையில் உயிர்வேலி நடுவோம். மரக்கறிப் பாத்தி வேலிக்கு வெளியே நிற்கட்டும்.

2. பெயர்க் கொப்பி: எந்த வரிசையில் யார், யாருடைய பிள்ளை, எந்த வருசம் என்று ஒரு கொப்பியில் எழுதுவோம். குழி வெட்டிய பெரியவர்களுக்குத் தெரிந்தது வேறு எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். இது இளைஞர் மன்றத்துக்கு ஏற்ற வேலை.

3. கல்: இடம் குறித்துப் படம் வரையாமல் ஒரு கல்லையும் நகர்த்த வேண்டாம். கம்பித் தூரிகையாலோ அசிட் போட்டோ தேய்க்க வேண்டாம், எழுத்து போய்விடும். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். எழுத்து மங்கியிருந்தால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், தெரியும்.

4. மழைத்தண்ணீர்: மேல்பக்கக் கானைத் துப்புரவாக வைத்திருங்கள். சரிவில் புல்லை வேரோடு செதுக்க வேண்டாம், வெட்டிவிட்டால் போதும். வேர் போனால் மண் சரியும்.

5. பிரதேச சபை: 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று முன்பு சொன்னார்கள். 2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே மயானப் பாதைக்கும் மதிலுக்கும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தோடு சபைக்கு விண்ணப்பம் எழுதலாம். எழுத வராதவர்கள் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

கடைசியாக, அந்த மூன்று கல். கரிபிடித்த விளக்குக் குழியைத் தடவிப் பார்த்துப் பாட்டி தன் தாயின் கல்லைக் கண்டுபிடித்தார். குழி வெட்டும் பெரியவர் ஒருவர் இடத்தைக் காட்டினார். இரண்டாவது கல்லையும் அவரே அடையாளம் சொன்னார். மூன்றாவது கல் இன்னமும் சவுக்கு மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறது. எழுத்தில்லை, மேலே சின்னதாக ஒரு சூலம் மட்டும் கொத்தியிருக்கிறது. யாருடையது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து வந்து சொல்லுங்கள்.