டிராக்டரின் கிளச் பேரிங் தேய்ந்ததா?

டிராக்டரின் கிளச் ரிலீஸ் பேரிங் சிறிய உறுப்பேயாயினும், அதனை மாற்ற எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்தாக வேண்டும். விதைப்புக் காலத்தில் இது சிறு இழப்பன்று. ஆகவே, பட்டறைக்கு அனுப்புமுன் உழவர் தாமே சோதித்தறிதல் நலம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பிரேக்கிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிடுக. கிளச் மிதியை மெல்ல அழுத்துங்கால் கரகரப்போ கிறீச்சொலியோ எழுந்து, காலை எடுத்ததும் நின்றால், பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கே தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். மாறாக, கால் எடுத்திருக்கையில் கேட்கும் ஓசை மிதியை அழுத்தியதும் அடங்கினால், கியர் பெட்டியினுள் இருக்கும் பேரிங்கையே முதலில் ஐயுற வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, நல்ல பேரிங்கை மாற்றிவிட்டு, ஓசை குறையவில்லையே என வருந்துவோரை நாம் காண்கிறோம்.

மிதியின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய தளர்வு, வண்டியின் கைந்நூலில் கண்ட அளவில் உள்ளதா எனவும் பார்த்தல் வேண்டும். தளர்வு அற்றுப்போனாலும், மிதிமேல் காலை ஊன்றியவாறே உழுதாலும் பேரிங் ஓய்வின்றிச் சுழன்று தேயும். தேர்ந்த ஓட்டுநரிடமும் இப்பழக்கம் உண்டு! கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி மீண்டும் பூட்டுவதும் தகாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.