யூரியா கற்பிக்கும் பாடம்

உத்திரமேரூர் வட்டார நெல் வயல்களுக்கு இடும் யூரியாவை அறியாதவர் நம்முள் யார்? அதன் ஒரு மூலக்கூறில் கார்பன் 1, ஹைட்ரஜன் 4, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1 என அணுக்கள் உள்ளன. இவ்வெண்ணிக்கையைக் கூறுவதே மூலக்கூறு வாய்பாடு.

மூலக்கூறு எடை 12+4+28+16=60. இதில் நைட்ரஜன் 28. அதாவது நூற்றுக்குச் சுமார் 46 பங்கு. ஆகவே 45 கிலோ மூட்டையில் உள்ள நைட்ரஜன் 20.7 கிலோ. தந்தையார் மூட்டை வாங்கும்போது இக்கணக்கைச் சொல்லிப் பாருங்கள்!

ஆயினும் வாய்பாடு யாவற்றையும் கூறிவிடாது. அம்மோனியம் சயனேட் என்னும் உப்பிலும் இதே அணுக்கள், இதே எண்ணிக்கையில் உள்ளன. யூரியாவில் இரு நைட்ரஜன்களும் கார்பனோடு இணைந்து, ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன்களைத் தாங்கும். உப்பிலோ ஒரு நைட்ரஜனே நான்கு ஹைட்ரஜன்களையும் தாங்கித் தனி அயனியாக நிற்கும். இவ்வாறு வாய்பாடு ஒன்றாகவும் அமைப்பு வேறாகவும் உள்ளவையே மாற்றியங்கள்.

1828இல் ஜெர்மானிய அறிஞர் வோலர் இவ்வுப்பைத் தயாரிக்க முயன்றபோது யூரியா கிடைத்தது. உயிருள்ளவற்றின் உடலில் மட்டுமே உண்டாகும் என எண்ணப்பட்ட பொருள் சோதனைச்சாலையில் பிறந்தது! கரிம வேதியியலுக்குப் புதுவழி திறந்தது.

எனவே, தேர்வில் அணுக்களை எண்ணுவதோடு நில்லாது, அமைப்பு வாய்பாட்டையும் வரைந்து பழகுவோம். இறைவன் படைப்பில் எண்ணிக்கையைப் போலவே ஒழுங்கிற்கும் பொருள் உண்டு.