கல்வா பாலம் தாண்டினால் தீவு

அன்புள்ள மருமகளுக்கு,

உனக்குத் தாணேயில் வேலை கிடைத்துவிட்டது என்று அண்ணன் போன் பண்ணிச் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ ஏறப்போகும் நாகர்கோவில் – மும்பை ரயில் கல்யாண் தாண்டி, பார்சிக் குன்றைக் கடந்து, கல்வாவுக்கு அப்புறம் ஒரு பாலத்தில் ஏறும். பெட்டியை இழுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போகிற அவசரத்தில் அதைப் பார்க்காமல் விட்டுவிடாதே. கீழே கிடப்பது கடல் உள்ளே நீட்டிய கை. அதைத் தாண்டிவிட்டால் நீ தீவுக்குள் வந்துவிட்டாய்.

ஆமாம், தாணே இருப்பது தீவில்தான். மராட்டியில் சாஷ்டி, வெள்ளைக்காரன் வாயில் சால்செட். 66 ஊர்கள் என்ற பொருளில் வந்த பெயர். வடக்கே வசாய் கழிமுகம், கிழக்கே தாணே கழிமுகம், மேற்கே அரபிக்கடல். தெற்கே மட்டும் மண்ணைக் கொட்டித் தூர்த்து மும்பையோடு ஒட்டவைத்துவிட்டார்கள். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து கிளம்பிய நம் நாட்டின் முதல் பயணிகள் ரயில், 34 கிலோமீட்டர் ஓடித் தாணேயில் நின்றது. அதற்கு அப்பால் தண்ணீர். பாலம் கட்டி அக்கரை போக 1854 ஆனது.

இதெல்லாம் எனக்கு வந்த புதிதில் தெரியாது. மாதுங்காவில் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் வாங்குவது, செம்பூரிலும் தாராவியிலும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவது, இப்படியே எட்டு வருஷத்து ஞாயிறுகள் போய்விட்டன. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலைக்குப் பெயர் யேவூர் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை. நீயும் அங்கெல்லாம் போகத்தான் வேண்டும். ஊர்ப்பேச்சு காதில் விழாமல் இருக்க முடியாது. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இந்த மண்ணுக்குக் கொடு.

யேவூர், 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் தாணே வாசல். உப்வன் ஏரியைத் தாண்டி மேலே ஏறவேண்டும். உள்ளே வார்லி மக்களின் பாடாக்கள், அதாவது சிறு குடியிருப்புகள், இருக்கின்றன. சிறுத்தையும் இருக்கிறது. அவர்கள் அதை வாகோபா என்று கும்பிட்டு, அதன் பாதையில் குறுக்கிடாமல் காலங்காலமாக வாழ்கிறார்கள். அந்திக்கு முன்னால் இறங்கிவிடு. தனியாகப் போகாதே. எதிர்ப்பட்டால் குனியாதே, ஓடாதே. நிமிர்ந்து நின்று, அதற்கு வழி விட்டுப் பின்வாங்கு.

சிறுத்தையைவிட நான் பயப்படுவது ஓடைக்கு. ஒரு ஜூலை மாதம் கணுக்கால் அளவு தண்ணீரில் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தலைக்குமேல் மழையே இல்லை. கரையிலிருந்து ஒரு வார்லி அம்மா கத்தினார். மொழி புரியாவிட்டாலும் குரல் புரிந்து எழுந்து ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறையைக் காணோம். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ கொட்டுகிறது என்று அர்த்தம் என்று பிற்பாடு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மழைக்காலத்தில் ஓடைப்பக்கம் போகத் தடை போட்டால் அதை மதித்து நட.

அந்த அம்மாவை நான் மாவ்ஷி என்று கூப்பிடுகிறேன். மராட்டியில் அம்மாவின் கூடப்பிறந்தவள். மே மாதம் இலைக் கூம்பில் களாப்பழத்தோடு மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பார். முதல் மழை விழுந்ததும் ஷேவ்ளா வரும்: விரல் நீளத்துக்கு மேல் இருக்கும், கருஞ்சிவப்பும் பழுப்புமாக மடல் சுற்றிய மொட்டு. நம் சேனைக்கிழங்குக்குச் சொந்தம், அதனால் அரிக்கும். முதல் தடவை நான் புளி மட்டும் விட்டுக் குழம்பு வைத்து ஒரு நாள் முழுக்கத் தொண்டை அரிப்போடு திரிந்தேன். கூடவே காகட் என்று ஒரு புளிப்புக் காய் விற்பார்கள். அதை இடித்துச் சாறெடுத்துச் சேர்த்தால் அரிப்பு அடங்கிவிடும். விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதே, எப்படிச் சமைப்பது என்றும் கேள். எனக்கு மராட்டி வந்ததே அந்தக் கூடைக்கு முன்னால் குத்தவைத்துத்தான்.

மலைச்சரிவில் கார்வி என்றொரு செடி. நம் குறிஞ்சியின் இனம். குறிஞ்சிக்கு 12 வருஷம், இதற்கு 8. 2016இல் பூத்தது, 2024இல் மலையே ஊதாவாகக் கிடந்தது. பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும். அந்தத் தண்டுகளை வரிசையாகக் கட்டி மண் பூசினால் வார்லி வீட்டுச் சுவர். அடுத்த பூ 2032இல். அதுவரை நீ இங்கே இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

கழிமுகத்துக்கு வேறு கணக்கு. நீ பார்த்த தூத்துக்குடிக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இருக்காது. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நான்கு மீட்டரைத் தாண்டும். நேற்று ஏறிய நேரத்துக்கு இன்று சுமார் 50 நிமிஷம் தள்ளி ஏறும். ஓதம் ஏறும் நேரத்தில் பெருமழை பிடித்தால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவில் நிற்கும், ரயில் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் பெய்தது 944 மில்லிமீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆபீஸுக்குக் கிளம்பும்முன் மழையோடு ஓத நேரத்தையும் பார்த்துவிடு.

அதே ஓதம்தான் பூநாரைக்குச் சோறு போடுகிறது. தண்ணீர் வடிந்த சேற்றில் பாசியை வடிகட்டித் தின்ன நவம்பர் வாக்கில் வந்து மே வரை ஆயிரக்கணக்கில் நிற்கும். இந்தக் கழிமுகத்தை 2015இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஐரோலியில் வனத்துறைப் படகு உண்டு. ஓதம் பார்த்துத்தான் விடுவார்கள். கோடியக்கரையில் தூரத்துப் புள்ளிகளாகப் பார்த்த பறவை, இங்கே அடுக்குமாடிகளுக்கு முன்னால் தலையைக் கவிழ்த்து மேய்வதைக் காட்ட உன்னைக் கட்டாயம் கூட்டிப்போவேன்.

வரும்போது பிடிமானமுள்ள செருப்பு எடுத்து வை. வழுவழுப்பான அடி ஓடைப் பாசிப்பாறைக்கு ஆகாது. அம்மாவிடம் சொல்லி இரண்டு கருப்பட்டிச் சிப்பம் வாங்கி வா. ஒன்று வீட்டுக்கு, ஒன்று மாவ்ஷிக்கு. நீயே உன் கையால் கொடு.

அன்புடன்,
அத்தை
தாணே