எழுதிக் கொடுத்த கடிதம் வேலையைப் பறித்துவிடுமா?

கேள்வி: என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 16 வருடம் டிரைவராக இருந்தார். சர்க்கரை நோயால் பார்வை மங்கியது. மருத்துவக் குழு, பஸ் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிட்டது. “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள், மகனுக்கு வேலை கேட்கலாம்” என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருடமாகிறது. மகனுக்கு வேலை வரவில்லை. வந்த பணம் கண் சிகிச்சைக்கும் கடனுக்கும் போய்விட்டது. இனி ஏதாவது செய்ய முடியுமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முடியும் சகோதரி. நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஒரே விஷயம்: பார்வை போனது அவர் பணியில் இருந்தபோதா?

ஆம் என்றால், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 20(4) அவர் பக்கம் நிற்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது; பதவியிறக்கமும் செய்யக் கூடாது. பஸ் ஓட்ட முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலை இல்லையென்றால், அது கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அரசு விதிவிலக்கு அறிவிக்கை வெளியிட்டிருந்தால் மட்டுமே நிலைமை மாறும். அதை உங்கள் வக்கீல் பார்க்கட்டும்.

கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. பஞ்சாப் மின்வாரிய ஊழியர் பகவான் தாஸ் பார்வையிழந்த பின், தனக்கு ஓய்வும் மனைவிக்கு வேலையும் கேட்டுத் தானே கடிதம் கொடுத்தார். 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஓய்வை ஏற்கவில்லை. அவருக்குச் சட்டம் தெரியாது, தெரிந்த அதிகாரிகள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. அப்போதிருந்த 1995-ம் ஆண்டுச் சட்டமும் இதே பாதுகாப்பைத்தான் தந்தது.

கோபப்படாமல் கேளுங்கள். இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்? மருத்துவக் குழு உத்தரவின் நகல் இல்லை. எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. நீங்கள் எனக்கு அனுப்பிய ஒரே ஆதாரம் பாஸ்புக் பக்கத்தின் ஜெராக்ஸ். அதிலும் தேதி இருக்கும் ஓரம் கறுத்துக் கிடக்கிறது. மகனுக்கு வேலை தருவதாக வாயால் சொன்னதை நம்பிக் காத்திருந்தீர்கள். உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்ற கெடு சட்டத்தில் இல்லை. ஆனால் நீதிபதி முதலில் கேட்பது தாமதத்துக்குக் காரணம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மனுவே தள்ளுபடியாகலாம், அல்லது பழைய சம்பளப் பாக்கி குறையலாம். இனி ஒரு மாதத்தைக்கூட வீணாக்காதீர்கள்.

பணிப்பதிவேடு, மருத்துவக் குழு உத்தரவு, ஓய்வுக் கடிதம் மூன்றின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உடனே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் ஊனச் சான்றிதழ் வாங்குங்கள். பார்வை எப்போது குறையத் தொடங்கியது என்பதைக் காட்டும் பழைய சிகிச்சைச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் தரலாம். அவர் செய்வது பரிந்துரை. அதன்மீது நிறுவனம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். நேரே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதா என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வழக்கு முடியட்டும் என்று கண் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

ஆவணங்களைப் பார்க்காமல் எழுதிய பதில் இது. இதை மட்டும் நம்பி மனு போடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கணவரையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே நேரில் போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.