நாள் முழுதும் நடக்கும் ஆட்டமும் நமது உணவும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு



கால்பந்து ஆடுகிறவள் மதியம் நன்றாகச் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கேரம் ஆடப் போகிற நாங்கள் இரண்டு உணவுப் பெட்டிகளைப் பைக்குள் வைத்தால், “நீங்கள் என்ன ஓடியா ஆடப் போகிறீர்கள்?” என்று கேட்காதவர் இல்லை. ஓடாமல் ஆடும் ஆட்டத்திற்கும் உணவு தேவையா? தேவையென்றால் எதை, எப்போது, எவ்வளவு உண்ண வேண்டும்? இவற்றை நாம் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இவ்வாட்டங்களின் இயல்பு

மேசை மீது ஆடும் ஆட்டங்களில் உலகெங்கும் பரவியது ‘பூல்’ ஆகும். ஆறு குழிகளை உடைய மேசையில், எண்ணிட்ட பதினைந்து பந்துகளை ஒரு வெள்ளைப் பந்தால் அடித்து விழச் செய்வது இதன் அடிப்படை. அதன் உறவினரான ஸ்நூக்கருக்கு நம் மாநிலத்தோடு பழைய தொடர்பு உண்டு. 1880களில் அதன் விதிகள் உதகமண்டலம் கிளப்பின் சுவரில் எழுதி மாட்டப்பட்டன. நாம் வீட்டில் ஆடும் கேரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அங்கே கோல், இங்கே விரல். அவ்வளவுதான் வேறுபாடு.

இவ்வாட்டங்களில் பெண்கள் பெற்ற வெற்றிகள் பல. அமெரிக்காவின் ஜீன் பலூகாஸ் 1959இல் பிறந்தவர். அவர் 1972 தொடங்கிப் பல முறை அமெரிக்க ஓப்பன் பூல் பட்டத்தை வென்றார். முதல் பட்டம் வென்றபோது அவர் நம்மைவிடச் சிறியவர்! நம் தமிழகத்தில், 2008இல் பிரான்சு நாட்டில் கேரம் உலகப் பட்டம் வென்ற இளவழகி, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, 2025இல் தோஹாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டம் வென்ற அனுபமா ராமச்சந்திரன் ஆகியோர் நமக்கு வழிகாட்டிகள்.

இப்போட்டிகளின் கடினம் ஓட்டத்தில் இல்லை; நேரத்தில் இருக்கிறது. பல பூல் போட்டிகளில் ஒரு முறை தோற்றவர் வெளியேறுவதில்லை. இரண்டாம் முறை தோற்றால்தான் வெளியேறுவார். ஆகவே தொடக்கத்தில் தோற்றவர் இறுதிவரை வர வேண்டுமானால் மற்றவர்களைவிட அதிக ஆட்டங்கள் ஆட வேண்டும். காலை 9 மணிக்குத் தொடங்கிய போட்டி இரவு விளக்கு வெளிச்சத்தில் முடிவதும் உண்டு. நம் கேரம் போட்டியிலும் ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு வரை செல்லும். மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றாக வேண்டும். அடுத்த ஆட்டத்திற்குப் பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பத்து நிமிடமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். இந்தக் காத்திருப்புதான் நம் உணவைக் குழப்புகிறது.

மேலும், ஒரே ஒரு தவறான அடி ஆட்டத்தை எதிரியின் கைக்கு மாற்றிவிடும். அமெரிக்க வீரர் வில்லி மாஸ்கோனி 1954ஆம் ஆண்டு ஒரு காட்சி ஆட்டத்தில் தொடர்ந்து 526 பந்துகளைத் தவறாமல் விழச் செய்தார். 2019 வரை அதை யாராலும் மிஞ்ச இயலவில்லை. அத்தனை அடிகளிலும் கண், கை, மனம் மூன்றும் ஒன்றாய் நிற்க வேண்டும் அல்லவா?

மூளை உண்ணும் உணவு

நம் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதியை, ஏறத்தாழ 100 கிராம் அளவு, கல்லீரல் சேமித்து வைத்து இரவெல்லாம் சிறிது சிறிதாக வெளியிடுகிறது.

இரவு 8 மணிக்கு உண்டுவிட்டுக் காலை உணவைத் தவிர்த்தவள், மறுநாள் 11 மணிக்கு ஆடும்போது பதினைந்து மணி நேரம் பட்டினியாய் இருக்கிறாள். கல்லீரலின் சேமிப்பு அப்போது பெரிதும் குறைந்திருக்கும். உடல் வேறு வழிகளில் சர்க்கரையைத் தயாரித்து நம்மை மயங்கி விழாமல் காக்கிறது என்பது உண்மையே. எனினும் பசியும் எரிச்சலும் கவனச் சிதறலும் வந்துவிடும். எளிய காயையே தவறவிடுவோம்.

திருவிவிலியத்தில் சாமுவேல் முதல் நூலின் 14ஆம் அதிகாரத்தில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. மாலைவரை யாரும் உண்ணக்கூடாது என்று சவுல் அரசர் போர்வீரர்களுக்கு ஆணையிட்டார். வீரர்கள் சோர்ந்து போயினர். ஆணையை அறியாத அவர் மகன் யோனத்தான் தன் கோலின் நுனியைத் தேன்கூட்டில் தோய்த்துச் சுவைத்தான்; அவன் கண்கள் தெளிவடைந்தன. வீரர்களும் உண்டிருந்தால் வெற்றி இன்னும் பெரிதாய் இருந்திருக்கும் என்று அவன் வருந்தினான். ‘வெற்றிக்காக இன்று முழுவதும் சாப்பிட மாட்டேன்’ என்று போட்டி நாளில் நேர்ந்துகொள்ளும் தோழியர் இந்த அதிகாரத்தை ஒரு முறை வாசிக்க வேண்டுகிறோம்.

காலை உணவு

முதல் ஆட்டத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே உண்டு முடிப்பது நல்லது. இட்லியும் சாம்பாரும் மிகப் பொருத்தமானவை. அரிசியில் மாவுச்சத்தும், உளுந்திலும் பருப்பிலும் புரதமும் உள்ளன, எண்ணெய் குறைவு. புட்டும் பயறும், கேழ்வரகுக் கூழ், ஆப்பம், அவித்த முட்டை ஆகியனவும் ஏற்றவை. நெய் மிதக்கும் பொங்கல், பூரி, வடை முதலியன அன்று வேண்டாம். கொழுப்பு வயிற்றை விட்டு மெதுவாகவே நகரும். வயிறு கனமாய் இருக்கக் குனிந்து குறிபார்ப்பது கடினம். போட்டி நாளன்று புதிய உணவு எதையும் முதன்முதலாக உண்டு பார்க்கவும் கூடாது.

ஆட்டங்களுக்கு இடையே

அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரியாத நாளில் வயிறு நிறைய ஒரே முறை உண்பதைவிட, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை சிறிது உண்பதே சிறந்தது. வாழைப்பழம், கடலை மிட்டாய், சுண்டல், பேரீச்சம்பழம், அவல், வேர்க்கடலை ஆகியவை மலிவானவை, பையில் அடங்குபவை. வெறும் இனிப்பையோ குளிர்பானத்தையோ மட்டும் நம்பினால் சிறிது நேரத்தில் மறுபடியும் பசிக்கும். சர்க்கரையோடு கடலையும் பயறும் சேர்ந்தால் பசி தாங்கும்.

மதியத்திற்குத் தயிர்சாதம் அல்லது எலுமிச்சைச் சாதம், ஒரு காய், முட்டை போதும். பெரிய விருந்து உண்டால் கண் சொக்கும். இயல்பாகவே பிற்பகல் நமக்குத் தூக்கம் வரும் நேரம். அதனோடு பிரியாணியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணச் சொல்வது ஆட்டக்காரருக்கும் பொருந்தும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பல இடங்களில் கேரம் பலகையில் தூவுவது போரிக் பவுடர். அது வயிற்றுக்குள் செல்லத் தக்கது அன்று. பூல் ஆடுவோர் கோல் நுனியில் தேய்க்கும் சாக்கும் கையில் ஒட்டும். ஆகவே உண்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உண்டபின்னும் கழுவ வேண்டும். எண்ணெய் விரல் ஸ்டிரைக்கரை வழுக்கச் செய்யும்.

தண்ணீர்

ஓடாவிட்டாலும் நமக்கு வியர்க்கிறது. நம் ஊர் வெயிலும், பலகைக்கு மேலே தொங்கும் விளக்கின் வெப்பமும் போதும். உடல் எடையில் 2 விழுக்காடு அளவு நீர் குறைந்தாலே தலைவலியும் கவனக் குறைவும் ஏற்படும். ஒவ்வொரு ஆட்டத்திற்குப் பின்னும் ஒரு தம்ளர் நீராவது அருந்த வேண்டும். நீர்மோர், இளநீர், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறு ஆகியனவும் நல்லவை.

ஆனால் மாணவியர் நீர் அருந்தாததற்குக் காரணம் அறியாமை அன்று. போட்டி நடக்கும் இடங்கள் சிலவற்றில் பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை இருப்பதில்லை, இருந்தாலும் பூட்டியிருக்கும். அதனால் காலை முதல் மாலை வரை வாயை நனைக்காமலேயே ஆடுகிறார்கள். இது சிறுநீர்த் தொற்று நோய்க்கு வழிவகுக்கும். எனவே நாங்கள் இப்போது போட்டி இடத்தை அடைந்ததும் முதலில் அட்டவணையைக் கேட்பதில்லை. “மிஸ், கழிப்பறை எங்கே என்று கேட்டுச் சொல்லுங்கள்” என்று எங்கள் விளையாட்டு ஆசிரியையிடம் சொல்லிவிடுகிறோம். அவர்கள் போய்ச் சாவியைக் கையோடு வாங்கி வருகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தேநீரும் காபியும்

சோர்வு வந்தால் காபி குடிக்கலாம் என்பர் சிலர். பழக்கமில்லாதவருக்குக் காபி கையை நடுங்கச் செய்யும். நெஞ்சைப் படபடக்க வைக்கும். இவ்வாட்டங்களிலோ கை அசையாமை உயிர் போன்றது. இதயத் துடிப்பைக் குறைத்து நடுக்கத்தைத் தணிக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ மருந்துகளைப் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்களில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை தடை செய்திருப்பதிலிருந்தே இது விளங்கும். மேலும் காபியிலுள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலையில் குடித்தால் இரவுத் தூக்கம் கெடும். மறுநாள் ஆட்டமும் கெடும்.

இரும்புச்சத்து

ஒரு நாள் உணவால் மட்டும் தெம்பு வந்துவிடாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதாவது பத்துப் பேர் வரிசையில் நின்றால் ஏறத்தாழ ஆறு பேர்! வளரும் வயது, மாதந்தோறும் ஏற்படும் இரத்த இழப்பு, போதாத உணவு ஆகியவை காரணங்கள். பிற்பகலில் ‘சோம்பேறி’ என்று திட்டு வாங்குகிறவள் உண்மையில் இரத்தம் குறைந்தவளாய் இருக்கலாம்.

முருங்கைக்கீரை, பயறு வகைகள், கேழ்வரகு, மீன், முட்டை, ஈரல் ஆகியவற்றை வாரம் முழுவதும் உண்ண வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையை ஜன்னல் வழியே எறியாமல், சாப்பிட்டபின் விழுங்குவோமாக.

ஒருசந்தியும் போட்டியும்

தவக்காலத்தில் போட்டி வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கின்றனர். திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கும், ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கும் உரியது. ஆகவே நம் வயதினர் புலால் தவிர்த்தால் போதும். பட்டினி கிடக்கக் கடமை இல்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் விலக்கல்ல. ஞாயிறு முதல் திருப்பலி கண்டுவிட்டு இட்லி உண்டு ஆட நேரம் இருக்கிறது. ரமலான் நோன்பு இருக்கும் தோழி நம் அணியில் இருந்தால், நோன்பு திறக்கும் வேளைக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைப்பது அணியின் கடமை.

யாரிடம் உணவு இல்லை?

இதுவரை எதை உண்ண வேண்டும் என்று எழுதினோம். உண்ண இல்லாதவள் என்ன செய்வாள்? 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் விரிவாகத் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தால், பத்தாம் வகுப்பு வரை பல மாணவியர் பள்ளியில் மதிய உணவு பெறுகின்றனர். ஆனால் போட்டி வேறு ஊரில் நடக்கும் நாளில் அந்தத் தட்டு அவளோடு வருவதில்லை. “எனக்குப் பசிக்கவில்லைப்பா” என்று சொல்லி அவள் ஒதுங்கி உட்காருவாள். பசிக்காமல் இல்லை, சொல்ல மனம் வரவில்லை.

இதற்கு எங்கள் அணி ஒரு வழி கண்டுள்ளது. யாரும் தனித்தனிப் பெட்டி கொண்டு வருவதில்லை. முடிந்தவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் சாதம், ஒருவர் சுண்டல், ஒருவர் வாழைப்பழம், ஒன்றும் இயலாதவர் தண்ணீர்க் குடத்திற்குப் பொறுப்பு. எல்லாம் நடுவில் வைத்து எல்லாரும் உண்கிறோம். யார் கொண்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிற பள்ளி அணிகளும் இதைப் பின்பற்றலாம். போட்டி நடத்தும் பெரியோரும், கோப்பைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை மதிய உணவுக்கும் குடிநீருக்கும் ஒதுக்கினால், தோற்றுத் திரும்பும் குழந்தையும் வயிறு நிறைந்து திரும்புவாள்.

போட்டி நாள் அட்டவணை

முதல் நாள் இரவு 8 மணி: வழக்கமான உணவு, 10 மணிக்குள் உறக்கம்.
காலை 6.30: இட்லி, சாம்பார், முட்டை, இரண்டு தம்ளர் தண்ணீர்.
10.30: வாழைப்பழம், சிறிது வேர்க்கடலை.
12.30: அளவான தயிர்சாதம், காய், பின் சிறிது நடை.
2.30: நீர்மோர், சுண்டல்.
4.30: கடலை மிட்டாய், எலுமிச்சைச் சாறு.
ஒவ்வொரு ஆட்டத்திற்குப் பின்னும்: ஒரு தம்ளர் தண்ணீர்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உணவு வெற்றியைத் தந்துவிடாது, பயிற்சிதான் தரும். ஆனால் ஆறு மாதம் பெற்ற பயிற்சியை ஒரு நாள் பட்டினி வீணாக்கிவிடும். ஆகவே தோழியரே, அடுத்த போட்டிக்குப் புறப்படும்போது ஸ்டிரைக்கரோடு உணவும் தண்ணீரும் பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவளின் பையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.