குழு மெயில் போய்ச் சேரவில்லையா?

பெங்களூரு வைட்ஃபீல்டின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம், பொதுக்குழு என எல்லா அறிவிப்புகளும் ஒரே குழு முகவரி வழியாக நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போவதுண்டு. சிலருக்கு வரவில்லை என்றால், நிர்வாகிக்குத் திரும்பி வந்த மெயிலில் உள்ள பிழை எண்ணை முதலில் பார்க்க வேண்டும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வரே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் மறுப்பு. காரணத்தைச் சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண்.

ஜிமெயில்காரர்களுக்கு மட்டும் போகவில்லையா? 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர் அடையாளத்தைக் கறாராகச் சோதிக்கின்றன. டொமைனின் டிஎன்எஸ் பதிவில் அந்த அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் சரியாக இருப்பது நல்லது. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இவ்விரண்டோடு, சோதனையில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் விதியும் கட்டாயம்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. உறுப்பினர் ஒருவர் யாஹூ முகவரியிலிருந்து குழுவுக்கு எழுதுகிறார். குழு சர்வர் அதை அவர் முகவரியிலேயே மற்றவர்களுக்கு அனுப்புகிறது. பெறும் சர்வருக்கு அது போலியாகத் தெரியலாம். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் விதியை இறுக்கியபோது உலகெங்கும் குழு மெயில்கள் இப்படித்தான் முடங்கின. மெயில்மேன் போன்ற குழு மெயில் மென்பொருளில் அனுப்புநர் இடத்தில் குழு முகவரி வருமாறு அமைத்தால் இது தீரும்.

சர்வரில் ஓடும் மெயில் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், 'மெயில்கியூ' கட்டளை தேங்கிய மெயில்களைக் காரணத்தோடு காட்டிவிடும்.