டைமருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

திருவாலங்காடு என்றதும் நடராசப் பெருமானின் இரத்தின சபை நம் நினைவுக்கு வரும். அதே ஊரில்தான் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்துள்ளது. சர்க்கரை ஆலைகளில் விநாடிக் கணக்குப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியில் டைமர் எவ்வாறு பயன்படுகிறது என்பதை அவ்வேலையைக் கொண்டே அறிந்துகொள்வோம்.

கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கினால், சர்க்கரைப் படிகங்களும் பழுப்பு நிறப் பாகும் கலந்த குழம்பு கிடைக்கிறது. இவ்விரண்டையும் பிரிப்பது மையவிலக்கு எந்திரம். அதில் துளைகள் நிறைந்த ஓர் உருக்குக் கூடை சுழல்கிறது. கூடையின் விட்டம் 1.2 மீட்டர், வேகம் நிமிடத்திற்கு 1200 சுற்றுகள் என்று கொள்வோம். முடுக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 970 மடங்கு வரும்! பாகு துளைகள் வழியே வெளியேறுகிறது. படிகங்கள் உள்ளே தங்கிவிடுகின்றன.

படிகங்களின் மேல் ஒட்டியுள்ள பாகைக் கழுவச் சில விநாடிகள் நீர் தெளிக்கிறார்கள். நேரம் குறைந்தால் சர்க்கரையில் நிறம் நிற்கும். கூடினால் சர்க்கரையே கரைந்துபோகும். பிறகு பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து, உருக்குத் தகடு ஒன்றினால் சர்க்கரையை வழித்தெடுக்கிறார்கள்.

இத்தகைய வேலைகளை முன்பு ரிலேக்கள் கவனித்து வந்தன. வேலையின் வரிசையை மாற்றவேண்டுமானால் கம்பி இணைப்புகளையே மாற்றவேண்டும். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்கு மாற்று ஒன்றைத் தேடியது. ரிச்சர்ட் மார்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'மோடிகான் 084' என்னும் பி.எல்.சி. 1969இல் வந்தது. இதில் கம்பிகளை மாற்றத் தேவையில்லை; புரோகிராமை மாற்றினால் போதும்.

பி.எல்.சி. முதலில் பொத்தான்கள், உணர்விகள் ஆகியவற்றின் நிலையைப் படிக்கும். அடுத்து, புரோகிராமை முதலிலிருந்து கடைசி வரை நிறைவேற்றும். பின்னர் மோட்டார், வால்வு முதலியவற்றிற்குக் கட்டளை அனுப்பும். இதற்கு 'ஸ்கேன்' என்று பெயர். சில மில்லி விநாடிகளில் ஒரு ஸ்கேன் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். ஆகவே, "12 விநாடி காத்திரு" என்று புரோகிராமை ஓரிடத்தில் நிறுத்திவைக்கக் கூடாது. நிறுத்தினால் அவ்வளவு நேரமும் மற்ற பொத்தான்களையும் உணர்விகளையும் யார் பார்ப்பது? டைமர் கடந்த நேரத்தை மட்டும் குறித்துவைத்துக் கொள்கிறது, "நேரம் ஆயிற்றா?" என்னும் கேள்விக்கு ஒவ்வொரு ஸ்கேனிலும் விடை சொல்கிறது.

1993இல் வெளிவந்த ஐ.இ.சி. தரநிலை மூன்று வகை டைமர்களைக் குறிப்பிடுகிறது.

டி.ஓ.என்.: உள்ளீடு வந்து, குறித்த நேரம் நீடித்த பிறகே வெளியீடு தரும். இடையில் உள்ளீடு நின்றால் கணக்கு சுழியத்திற்குத் திரும்பும்.

டி.ஓ.எஃப்.: உள்ளீடு வந்தவுடன் வெளியீடு தரும், உள்ளீடு நின்ற பிறகும் குறித்த நேரம் வரை அதனை நீட்டிக்கும்.

டி.பி.: உள்ளீடு வந்தவுடன் குறித்த நேரத்திற்கு மட்டும் வெளியீடு தரும். நீர் தெளிக்க இதுவே ஏற்றது.

இப்போது ஒரு கேள்வி. கூடை வேகம் தணிய 40 விநாடி ஆகிறதென்றால், டைமரில் 45 விநாடி வைத்து, அது முடிந்ததும் தகட்டை இறக்கலாமா?

கூடாது! பிரேக் தேய்ந்திருந்தால் 45 விநாடிக்குப் பிறகும் கூடை விரைவாகச் சுழன்றுகொண்டிருக்கும். அப்போது தகடு பட்டால் எந்திரம் உடையும். அருகிலிருப்போர் உயிருக்கும் ஆபத்து. டைமருக்குத் தெரிந்தது காலம் மட்டுமே. கூடையின் வேகம் அதற்குத் தெரியாது. தகட்டை இறக்க அனுமதி தரவேண்டியது வேக உணர்வி.

அப்படியானால் டைமருக்கு இங்கு வேலை இல்லையா? உண்டு. "பிரேக் போட்டாயிற்று, ஆனால் வேகம் தணியவில்லை" என்னும் நிலையை 60 விநாடிக்கு அமைத்த ஒரு டி.ஓ.என். டைமரின் உள்ளீடாகக் கொடுங்கள். வேகம் உரிய நேரத்தில் தணிந்தால் உள்ளீடு நின்று கணக்கு அழியும். தணியாவிட்டால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். காலத்திற்காகக் காத்திருக்கிறோமா, ஒரு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கிறோமா என்று முதலில் தெளிந்துகொள்வதே நல்ல புரோகிராமுக்கு அடிப்படை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி: வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கி 30 விநாடிக்குள் குழாயில் நீர் வராவிட்டால் மோட்டார் தானே நிற்கவேண்டும். எந்த டைமர் வேண்டும்? அதற்கு உள்ளீடாக எதைக் கொடுப்பீர்கள்? எழுதிப் பாருங்கள்.